பந்தயக் களம் வகுத்தவர்

பரங்கிமலையிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், போரூரைக் கடந்து சற்றுத் தூரம் போனால் காட்டுப்பாக்கம் வரும். ஆங்கிலேயர் காலத்தில் இந்தச் சாலையின் இரு கோடிகளிலும் வெள்ளைப் பட்டாளம் தங்கியிருந்தது. ஒரு கோடியில், பரங்கிமலையிலே, சென்னைப் பீரங்கிப் படையின் தலைமை நிலையம். மறு கோடியில், பூவிருந்தவல்லியிலே, நோயுற்ற சோல்ஜர்கள் உடல் தேறுவதற்கான பாளையம். இடையே இருந்தவை ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த கிராமங்கள். இன்று அதே சாலையை ஒட்டிக் கலைக் கல்லூரிகளும் பொறியியற் கல்லூரிகளும் வைத்தியக் கல்லூரிகளும் எழும்பி நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் முகப்பு மண்டபத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். கல்லூரிகளுக்கிடையே நடந்த பந்தயங்களில் வென்ற கோப்பைகளும் கேடயங்களும், வருஷமும் ஆட்டமும் பொறிக்கப்பட்டு, அதற்குள்ளே வரிசையாக வைக்கப்பட்டிருக்கும்.

கல்லூரிப் பந்தயங்களின் சரித்திரம் என்றால் அந்தக் கேடயங்களில் பொறித்த பெயர்களின் ஜாபிதாவே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். எந்த வருஷம் யார் வென்றார் என்பதை ஜாபிதா சொல்லும். ஆனால் குண்டூர்ப் பையனும் மதுரைப் பையனும் கள்ளிக்கோட்டைப் பையனும் ஒரே கோட்டில் நின்று, ஒரே துப்பாக்கிச் சப்தத்துக்கு ஓடி, ஒரே விதிக்குக் கட்டுப்பட்டுத் தோல்வியையும் ஒப்புக்கொள்ளும் நிலைமை எவ்வாறு வந்தது என்பதை அது சொல்லாது. அந்தக் கதையைத் தேடிப் போனால் ஒரு மனிதரின் வாழ்க்கையில் கொண்டுபோய்விடுகிறது. அவர் தமிழரல்லர், பாரதவாசியுமல்லர், நம்மை ஆண்ட ஜாதியைச் சேர்ந்தவருமல்லர். அமெரிக்கர். ஹாரி குரோ பக் என்பது அவர் பெயர்.

ஓர் அமெரிக்கப் பாதிரிச் சங்கத்து ஊழியரின் சரிதை தேசாபிமானிகளுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை காண, பக் இங்கே வந்து சேர்ந்தபோது சென்னை ராஜதானி மக்களின் உடலைப் பற்றி வெள்ளையர் என்ன எண்ணியிருந்தனர் என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு, பின்னர் இந்தியாவின் பிரதம சேனாதிபதியாக உயர்ந்தார். போர்க்குணமுள்ள ஜாதிகள், போர்க்குணமற்ற ஜாதிகள் என்று பாரத மக்களை இரண்டாகப் பிரித்த கொள்கைக்கு அவரே பெரிய வக்கீல். வடமேற்கு மலைவாசிகளும் கூர்க்கர்களும் பஞ்சாபியரும் ஒரு பக்கம். தமிழரும் தெலுங்கரும் மறு பக்கம். கிளைவ் காலத்திலிருந்து கும்பெனிக்காகப் போராடி ராஜ்யம் பிடித்துக் கொடுத்த சென்னைச் சிப்பாய், அந்த ராஜ்யம் நிலைத்த பிறகு சண்டைக்கு உதவாதவன் ஆகிவிட்டான். தெற்கத்திப் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. அடிமைப்படுத்தியவன் சொன்ன சொல்லை அடிமை நம்பத் தொடங்குவது எல்லாத் தேசங்களிலும் கண்ட அனுபவம். படித்த தமிழர்கள் பலர் தங்கள் புத்தியைப் பற்றிப் பெருமையும் உடலைப் பற்றி வெட்கமும் கொண்டார்கள். பரீட்சையில் முதல்வனாகத் தேறிய பையன் கண் குழிந்து மார்பு ஒடுங்கி இருப்பதே அழகு என்று தாய் தந்தையரும் எண்ணினர்.

இந்த மனப்பான்மையை விவேகானந்தர் கண்டித்தார். 1897-ம் வருஷம் சென்னையில் பேசியபோது, பலவீனமே நமது துன்பங்களுக்கெல்லாம் மூலம் என்று இளைஞர்களிடம் அவர் சொன்னார். வேதாந்தத்தைப் பற்றிப் பேச எழுந்த சந்நியாசி பந்தாட்டத்தின் பெருமையைச் சொன்னதைக் கேட்டுக் கூட்டத்தில் சிலர் திகைத்திருக்கவும் கூடும். வங்காளத்திலோ காரியம் பேச்சோடு நிற்கவில்லை. 1902-ல் தோன்றிய அனுசீலன் சமிதி, தேகப் பயிற்சிச் சாலையாகத் தொடங்கிப் புரட்சி இயக்கமாக வளர்ந்தது. அமராவதியில் 1914-ல் ஹனுமான் வியாயாம சங்கம் எழுந்தது. தண்டால் எடுப்பவனைப் போலீஸார் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது.

நமது கல்லூரிகளில் அப்போது இருந்தது டிரில் மாத்திரமே. பட்டாளத்தில் பென்ஷன் வாங்கிய ஹவில்தார் ஒருவர் அற்பச் சம்பளத்துக்கு அமர்த்தப்படுவார். வெயிலில் பையன்களை வரிசையாக நிறுத்தி, இங்கிலீஷில் கட்டளையிடுவார். அந்தக் கட்டளைகளின் அர்த்தம் பையன்களுக்குத் தெரியாது. சில சமயம் அவருக்கும் தெரியாது. கிரிக்கெட்டும் கால்பந்தும் இல்லாமலில்லை. ஆனால் அவை ஆட்டத்தில் தேர்ந்த பதினொருவருக்கே சொந்தம். மற்ற நானூறு பேரும் வேலிக்கு வெளியே நின்று கைதட்டினார்கள்.

இந்த இடத்துக்குத்தான் 1919-ம் வருஷம் பக் வந்து சேர்ந்தார்.

அவர் 1884-ம் வருஷம் நவம்பர் 25-ம் தேதி பென்ஸில்வேனியா மாகாணத்தில், சஸ்குவஹான்னா நதிக்கரையிலுள்ள லிவர்ப்பூல் என்னும் சிற்றூரில் பிறந்தார். இங்கிலாந்திலுள்ள லிவர்ப்பூல் துறைமுகம் வேறு. மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில் ஸ்பிரிங்பீல்டு நகரத்திலிருந்த வாலிபர் கிறிஸ்தவ சங்கத்துப் பயிற்சிக் கலாசாலையில் அவர் தேர்ச்சி பெற்றார். அந்தக் கலாசாலையைப் பற்றிச் சிறிது சொல்லாவிட்டால் பக்கின் வேலை விளங்காது.

1891-ம் வருஷம் பனிக்காலத்தில், வெளியே போய் விளையாட முடியாமல் சலிப்புற்றிருந்த மாணவர்களுக்குக் கூடத்துக்குள்ளேயே விளையாட ஓர் ஆட்டம் கண்டுபிடிக்கும்படி அந்தக் கலாசாலையின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்துக்கு உத்தரவாயிற்று. பழக் கூடைகள் இரண்டை உயரத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டு, பதின்மூன்று விதிகளைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். கூடைப்பந்தாட்டம் பிறந்தது. நான்கு வருஷம் கழித்து, அதே சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் மார்கன் பக்கத்து ஊரான ஹோலியோக்கில் கைப்பந்தாட்டத்தை அமைத்தார். ஒரு மூங்கில் தட்டியும் ஒரு பந்தும் கிடைத்தால் நமது கிராமங்களிலும் மாலை வேளைகளில் ஆடப்படுகிற அதே ஆட்டந்தான். ஆட்டம் என்பது பரம்பரையாக வந்து சேர வேண்டிய ஒன்றன்று, தேவைக்குத் தக்கபடி மனிதன் அமைத்துக்கொள்ளலாம், விதியை எழுதி வைத்தால் உலகமெங்கும் பரப்பலாம் என்ற துணிவு ஸ்பிரிங்பீல்டின் காற்றிலேயே இருந்தது. அந்தக் காற்றைச் சுவாசித்தவர் பக்.

அவர் வந்து இறங்கிய வருஷத்தின் விசேஷத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரௌலட் சட்டம் வந்தது 1919-ல். ஜாலியன்வாலா பாக் படுகொலையும் 1919-ல். பிரிட்டிஷ் பிரஜைகளல்லாத மிஷனரிகள் சர்க்காருக்கு விரோதமாக நடப்பதில்லை என்று உறுதி கொடுத்தே இந்நாட்டில் ஊழியம் செய்ய வேண்டியிருந்த காலம் அது. ஆகவே பக்கைச் சுதந்தரப் போரின் தோழராகச் சித்திரிப்பது உண்மையாகாது. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. அவர் ஊழியம் செய்ய வந்த இந்திய தேசிய வாலிபர் சங்கத்துக்கு 1916 முதல் பொதுக் காரியதரிசியாக இருந்தவர் சேலத்தைச் சேர்ந்த தமிழர், கே. டி. பால். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. முதலாவது வட்டமேஜை மகாநாட்டுக்குச் சென்று வந்து, 1931-ல் காலமானார். வெள்ளையர் உத்தரவிட நம்மவர் அடிபணிவதே வழக்கமாயிருந்த நாளில், வெள்ளையர் ஒருவர் தமிழரின் தலைமையில் வந்து பணிபுரிந்தார். இது அக்காலத்தில் சிறிய விஷயமன்று.

1920-ல் பக் சென்னையில் தேகப்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்கள், சாதாரணக் கொட்டகைகள். அதே வருஷத்தில்தான் மகாத்மாவின் ஒத்துழையாமை இயக்கம் மாணவர்களைக் கலாசாலைகளை விட்டு வெளியேறும்படி அழைத்தது. தேசமே பள்ளியை விட்டு வெளிவந்துகொண்டிருந்த தருணத்தில் ஒருவர் புதிதாகப் பள்ளி வைத்தால் அவரை யார் கவனிப்பார்கள்? மேலும், கிறிஸ்தவ சங்கம் நடத்துகிற பள்ளி என்ற சந்தேகமும் இருந்தது. அந்தச் சந்தேகம் அநியாயமானதென்று நாம் சொல்ல மாட்டோம். வங்காளத்துப் பயிற்சிச் சாலைகளைப் பூட்டிய சர்க்காருக்கு, பாதிரிமார் நடத்தும் பயிற்சிச் சாலை ஆபத்தற்றதாகவே தோன்றியிருக்கும். ஆனால் வருஷங்கள் செல்லச் செல்ல இந்துக்களும் முகமதியர்களும் கிறிஸ்தவர்களும் அங்கே சேர்ந்து பயின்று, ஒரே மைதானத்தில் வியர்வை சிந்தி, ஆசிரியர்களாக நாடெங்கும் பரவினார்கள்.

அங்கே என்ன கற்பித்தார்கள் என்பதே முக்கியம். பக்கின் பள்ளியில் சேர்ந்தவன் வீரனாவதற்குச் சேரவில்லை. பிறரை விளையாட வைப்பதற்குச் சேர்ந்தான். உடலின் அமைப்பையும் அதன் இயக்கத்தையும் கற்றான். மைதானத்தை அளக்கக் கற்றான். மத்தியஸ்தம் செய்யக் கற்றான். பந்தய அட்டவணை போடக் கற்றான். இவையெல்லாம் சில்லறை வேலைகள் என்று தோன்றும். ஓர் உதாரணத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

வட்டப் பாதையில் எட்டுப் பேர் ஓடுகிறார்கள். எல்லாரும் ஒரே கோட்டில் புறப்பட்டால், வெளிப்புற வழியில் ஓடுபவன் வளைவுகளில் அதிக தூரம் ஓட நேரும். ஆகையால் அவனை முன்னே தள்ளி நிறுத்த வேண்டும். எவ்வளவு தள்ளி? இன்றைய அளவின்படி ஒரு வழியின் அகலம் 1.22 மீட்டர். 400 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவது வழிக்காரன் 7.04 மீட்டர் முன்னே நிற்க வேண்டும். அதற்கப்பால் ஒவ்வொரு வழிக்கும் 7.67 மீட்டர் கூடும். பக்கின் காலத்தில் கஜக் கணக்கு, சூத்திரம் இதுவேதான். இந்தக் கணக்கைப் போடத் தெரியாதவர் சுண்ணாம்புக் கோடு இழுத்தால், அந்தப் பந்தயத்தில் கிடைத்த சாம்பியன் பட்டம் சுண்ணாம்புக்குத்தான் சேரும். பென்ஷன் ஹவில்தார் இதை அறியமாட்டார். பக்கின் மாணவன் அறிவான்.

சடுகுடுவின் கதை இதைவிட ருசிகரமானது. தமிழ்நாட்டில் சடுகுடு ஆடாத ஊர் கிடையாது. ஆனால் ஊருக்கு ஊர் சட்டம் வேறு. பிடிபட்டவன் வெளியே போனால் போனவன்தான் என்பது ஓரிடத்துச் சட்டம். எதிரியில் ஒருவன் விழுந்தால் நம்மவன் ஒருவன் உயிர்பெற்று எழுவான் என்பது இன்னோரிடத்துச் சட்டம். பிடிபட்டாலும் ஆட்டத்திலிருந்து வெளியேறாமல் புள்ளிக் கணக்கு மட்டும் வைப்பது வேறோரிடத்துச் சட்டம். மகாராஷ்டிரத்தில் இந்த வகைகளுக்குக் காமினி, சஞ்சீவினி, அமர் என்று பெயர்களே உண்டு. மூச்சு எங்கே அடங்க வேண்டும், கோட்டைத் தொட்டது காலா விரலா, களத்தின் நீளம் எத்தனை அடி என்று எல்லாவற்றிலும் தகராறு. இரண்டு கிராமங்கள் ஆடினால் ஆட்டம் கால் பங்கு, பஞ்சாயத்து முக்கால் பங்கு. சிலவேளை கம்புகளும் வெளிவரும். இத்தகைய ஆட்டத்தில் கல்லூரிகளுக்கிடையே சாம்பியன் பட்டம் நடத்துவதெப்படி?

மேல்நாட்டிலிருந்து வந்தவர்களில் அநேகர் இதைக் கண்டு, நாட்டு விளையாட்டுகள் நாகரிகமற்றவை என்று ஒதுக்கினார்கள். நம்முடைய இங்கிலீஷ் படிப்பாளிகளும் அப்படியே ஒதுக்கினார்கள். பக் ஒதுக்கவில்லை. தண்டாலும் பஸ்கியும் லேஜியமும் சடுகுடுவும் அவருடைய பாடத்திட்டத்தில் இடம் பெற்றன. விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட புத்தகம் தேகப்பயிற்சி ஆசிரியர்களுக்குக் கைவிளக்காயிற்று. அவர் காலத்துக்குப் பின்னும் திருத்தப்பட்டுப் பல பதிப்புகள் கண்டது. நாட்டு விளையாட்டு அழியாமல் இருக்க வேண்டுமானால் அதைப் புகழ்ந்து பிரசங்கம் செய்தால் போதாது, அளவும் விதியும் வகுத்துப் பந்தயத்துக்கு ஏற்றதாக்க வேண்டும் என்பதை அவர் கண்டுகொண்டார். மராட்டியத் தேசபக்தர்களும் அதே முடிவுக்கு வேறு வழியில் வந்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது நாட்டு விளையாட்டுகளை உலகத்தார் முன் ஆடிக் காட்டியவர்கள் அமராவதி ஹனுமான் சங்கத்தார். 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்க ஆட்டமாகச் சேர்ந்தது. அந்த நீண்ட யாத்திரையின் பெருமை முழுவதையும் பக்குக்கு எழுதிவைப்பது சரியன்று. ஆனால் அவருடைய பங்கை மறைப்பதும் சரியன்று.

ஒலிம்பிக் கதைக்கு வருவோம். பம்பாய் சர் தோராப்ஜி டாட்டா, 1919-ல் புனாவில் டெக்கான் ஜிம்கானா நடத்திய பந்தயங்களைக் கண்டார். வெறுங்காலுடன் ஓடிய உழவர்கள், பயிற்சியும் விதியும் அறியாமலே, நல்ல வேகம் காட்டினார்கள். அதன் பலனாக 1920-ல் ஆன்ட்வெர்ப்புக்கு ஓட்டக்காரர் நால்வரும் மல்லர் இருவரும் அனுப்பப்பட்டார்கள். அடுத்த ஒலிம்பிக்குக்குத் தயாராக, 1924 பிப்ரவரியில் டில்லியில் அகில இந்தியப் பந்தயங்கள் நடந்தன. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைப் பாரிஸுக்கு அழைத்துச் செல்லும் மானேஜராகப் பக் நியமிக்கப்பட்டார். அந்தக் கோஷ்டியில் தடை தாண்டி ஓடும் பந்தயத்துக்குச் சென்றவர் சி. கே. லட்சுமணன், அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த மலையாளத்துக் கண்ணூர் அவர் ஊர். வைத்தியரான இவர் பிற்காலத்தில் ராணுவ வைத்தியப் பகுதியில் மேஜர் ஜெனரலாக உயர்ந்தார். பாரிஸில் நம் ஓட்டக்காரர்கள் பதக்கம் எதுவும் பெறவில்லை. லட்சுமணனும் முதற் சுற்றோடு நின்றார்.

பதக்கமின்றித் திரும்பிய கோஷ்டியின் மானேஜர், வழக்கமாக, காரணங்களை அடுக்கி ஓர் அறிக்கை எழுதிவிட்டு ஒதுங்குவார். பக்கும், அதே வாலிபர் சங்கத்தின் தேகப்பயிற்சித் தலைவரான டாக்டர் நோரனும் அப்படிச் செய்யவில்லை. மாகாணந்தோறும் சென்று ஒலிம்பிக் சங்கங்கள் அமைக்கப் பாடுபட்டார்கள். சென்னையிலும் சங்கம் அமைந்தது. மாகாணச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாயிற்று. தோராப்ஜி டாட்டா தலைவர், நோரன் காரியதரிசி. விளையாட்டில் இந்தியா என்ற பெயரோடு தனிக் கோஷ்டி நின்றது. மறு வருஷம் ஆம்ஸ்டர்டாமில் நம் ஹாக்கி வீரர்கள் தங்கப் பதக்கம் வென்றபோது, ஸ்தாபனம் என்பது எதற்கு என்று கேட்டவர்கள் வாயடைத்தார்கள்.

கல்லூரிப் பந்தயங்களுக்குத் திரும்புவோம். 1925-ல் சர்வகலாசாலைகளின் கூட்டுச் சபை ஏற்பட்டது. 1935-ல் சர்வகலாசாலைகளுக்கிடையே ரோஹிண்டன் பாரியா கோப்பைக் கிரிக்கெட் தொடங்கிற்று. முதல் வருஷக் கோப்பையைப் பஞ்சாப் கொண்டுபோயிற்று. 1940-ஐ ஒட்டி, மற்ற விளையாட்டுகளையும் நடத்தச் சர்வகலாசாலைகளுக்கு ஒரு விளையாட்டுச் சபை அமைந்தது. நாடு பெரிது, ரயில் செலவு அதிகம். ஆகவே காலப்போக்கில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்தில் வென்றவர்களை இறுதிப் பந்தயத்துக்கு அனுப்பும் முறை வழக்கமாயிற்று. இவ்வளவு பெரிய யந்திரம் ஓட வேண்டுமானால், ஒவ்வொரு கல்லூரியிலும் விதி தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர்தான் தேகப்பயிற்சி டைரக்டர். பக் தொடங்கிய பள்ளியின் மாணவர்கள் தென்னாட்டுக் கல்லூரிகளில் மட்டுமன்றி வடக்கேயும் அந்தப் பதவிகளில் அமர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான பி. எம். ஜோசப், 1938-ல் பம்பாய்க்கருகே காந்திவலியில் தொடங்கிய பயிற்சி நிலையத்துக்கும், 1957-ல் குவாலியரில் ராணி லட்சுமிபாயின் பெயரால் மத்திய சர்க்கார் தொடங்கிய கல்லூரிக்கும் முதல் பிரின்ஸிபாலாக விளங்கினார். ஜான்சி ராணி உயிர்நீத்த ஊரில், அவள் பெயரால் எழுந்த நிலையத்தின் ஆசாரியர், சைதாப்பேட்டை மைதானத்தில் பயின்றவர்!

1930-களின் தொடக்கத்தில் பக்கின் கல்லூரி சைதாப்பேட்டையில் விசாலமான இடத்துக்குக் குடிபெயர்ந்தது. இப்போது நந்தனம் என வழங்கும் அந்த இடம் அடையாற்றின் வடகரை. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்தால், அந்த நீர் காட்டுப்பாக்கத்துக்குத் தெற்கே ஓடி அடையாற்றில் கலந்து, பக் வகுத்த மைதானத்தின் ஓரமாகவே கடலுக்குப் போகிறது. அவருடைய மனைவி மேரி பக்கும் அந்தக் கல்லூரியின் காரியங்களில் துணைநின்றார்.

நமது மேற்குப் புறநகர்க் கல்லூரிகளின் இன்றைய நிலைமையை இங்கே குறிப்பிடுவது பொருத்தமாகும். பக்கின் நாளில் சென்னைச் சர்வகலாசாலையின் எல்லை மிகப் பெரிதாயிருந்தது. 1926-ல் ஆந்திரமும், 1929-ல் அண்ணாமலையும் தனிச் சர்வகலாசாலைகளாயின. பிறகு மதுரையும் கோவையும் திருச்சியும் பிரிந்தன. வைத்தியத்துக்கு ஒன்று, பொறியியலுக்கு ஒன்று என்று துறைவாரியாகவும் பிரிந்தன. 2004-ல் உடற்கல்விக்கென்றே ஒரு சர்வகலாசாலைக்குச் சட்டம் செய்யப்பட்டது. நிர்வாகத்துக்கு இது சௌகரியம். பந்தயத்துக்கு நேர்ந்தது வேறு. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் கூப்பிடு தூரத்திலுள்ள இரண்டு கல்லூரிகளில் ஒன்று சென்னைச் சர்வகலாசாலைப் பந்தயத்தில் ஓடும். இன்னொன்று அண்ணா சர்வகலாசாலையின் மண்டலப் பந்தயத்தில் ஓடும். தனி அந்தஸ்து பெற்ற மூன்றாவது நிலையம் நேரே தென்மண்டலத்துக்குப் போகும். பக்கத்து வீட்டுக்காரனோடு ஆடாமலே மூவரும் சாம்பியன்கள். இது யாருக்கும் அசௌகரியமாகத் தோன்றவில்லை என்பதே நமக்கு வியப்பு.

சென்னைச் சர்வகலாசாலைக் கல்லூரிகளின் ஓட்டப் பந்தயங்கள் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் பெயரால் நடக்கின்றன. 1942 முதல் 1969 வரை, இருபத்தேழு வருஷம், துணைவேந்தராக இருந்தவர். பிரசவ வைத்தியத்தில் பேர்பெற்ற மேதை. அவர் பெயர் வைத்ததில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அந்தப் பாதையில் ஓடும் பிள்ளைகளில் நூற்றில் ஒருவருக்காவது பக்கின் பெயர் தெரியுமா என்று விசாரித்தால் விடை சந்தோஷம் தராது.

பக்கிடம் குறை காண்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய வாதம் முழுவதும் வெறும் வாதமன்று. அவர் பரப்பிய ஆட்டங்களில் பல, பந்தும் வலையும் காலணியும் வாங்கக்கூடியவர்களுக்கு ஏற்றவை. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் கலாசாலைகளுக்கும் உயர்தரப் பள்ளிகளுக்கும் போனார்கள். பள்ளிக்கே வராத உழவன் மகனுக்கு அவர்களால் நேரான பலனில்லை. பெண்களின் தேகப்பயிற்சி வெகுகாலம் பின்தங்கியே இருந்தது. இவை உண்மை. ஆயினும் இந்தக் குறைகளைத் தீர்க்க வேண்டிய கடமை, தாய்நாட்டை விட்டு வந்த ஓர் அமெரிக்கரைவிட நமக்கே அதிகம் இருந்தது.

இன்னொரு குறையை நாம் அவர்மேல் சுமத்த மாட்டோம். அவருக்குப் பின் வந்தவர்கள்மேல் சுமத்துவோம். தோற்றவன் விலகும் முறையில் பந்தயம் வைத்தால், பதினாறு கோஷ்டிகளுக்குப் பதினைந்து ஆட்டங்கள் போதும். எட்டுக் கோஷ்டிகள் ஒரே ஆட்டத்தோடு மூட்டை கட்டும். எல்லாரும் எல்லாரோடும் ஆடும் முறையிலோ, அதே பதினாறுக்கு நூற்றிருபது ஆட்டங்கள் வேண்டும். முதலாவது சீக்கிரம் கேடயம் கொடுக்கும். இரண்டாவது ஏராளமானவர்களை ஆட வைக்கும். ஸ்பிரிங்பீல்டு மரபில் வந்தவர்கள் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் பந்தயத்துக்கு முன்னால் கல்லூரிக்குள்ளேயே வகுப்புக்கு வகுப்பு, விடுதிக்கு விடுதி நடக்கும் பந்தயத்தை வைத்தார்கள். நம் கல்லூரிகளோ, வெளியூர்களிலிருந்து தேர்ந்த ஆட்டக்காரர்களைச் சம்பளச் சலுகை கொடுத்துச் சேர்த்து, அவர்களை அனுப்பிக் கேடயம் வாங்கி அலமாரியில் வைப்பதோடு திருப்தி அடைகின்றன. பக் வருமுன் வேலிக்கு வெளியே நின்ற அந்த நானூறு பேர், இப்போது நாலாயிரமாகி, அதே வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். மைதானம் இருந்த இடத்தில் மோட்டார் வண்டிகள் நிற்கின்றன.

யுத்த வருஷங்கள் பக்குக்குக் கடைசி வருஷங்களாக அமைந்தன. 1940-ல் நடக்க வேண்டிய ஒலிம்பிக் நின்றுபோயிற்று, 1944-ம் அவ்வாறே. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வருகிறார்கள் என்ற பீதியில் சென்னை ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஊரை விட்டு ஓடினார்கள். ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு என்ற முழக்கம் எழுந்தது. மாணவர்கள் கல்லூரிகளை விட்டு வீதிக்கு வந்தார்கள், பலர் சிறை புகுந்தார்கள். இருபத்துமூன்று வருஷங்களுக்கு முன் ஒத்துழையாமையின் நடுவே பள்ளி தொடங்கியவர், அதைவிடப் பெரிய கிளர்ச்சியின் நடுவே, 1943-ம் வருஷம் ஜூலை மாதம் 24-ம் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. சாகும்வரை அந்தக் கல்லூரியின் பிரின்ஸிபால் அவரே.

ஐந்து வருஷங்கள் கழித்து, 1948-ல், லண்டன் வெம்பிளி மைதானத்தில் இந்தியக் கோஷ்டி முதன்முறையாகச் சொந்தக் கொடியைப் பிடித்து அணிவகுத்தது. 1924-ல் பாரிஸில் அவர் அழைத்துச் சென்ற கோஷ்டிக்கு முன்னால் பறந்தது பிரிட்டிஷ் ஆட்சியின் கொடி.